அடிபடாதவர்கள் பன்னிரண்டு பேர்

செவ்வாப்பேட்டை,
12-6-1977

தம்பி ஜோசப்புக்கு அக்கா ஆரோக்கியமேரி எழுதுவது.

நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். நாங்கள் சுகமா என்று நீ கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

உன் மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து பதினாறு நாள் ஆகிறது. நெற்றித் தையல் ஆறிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம், "இன்னா தானியேலு, பொழச்சிக்கினியே, மாதா புண்ணியம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சட்டைப் பித்தானைப் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. உப்பு வாங்கப் போனவர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறார். குழந்தை கிரேஸ் கை தவறி ஒரு தட்டைக் கீழே போட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொள்கிறார். பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியில் பிடித்துத் திருப்பிய என் புருஷன், தட்டுச் சத்தத்துக்கு நடுங்குகிறார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் உங்கள் கும்மிடிப்பூண்டி மில்லில் நடந்தது என்ன? இரும்பைக் கம்பியாக நசுக்கும் உருளையிலிருந்து வந்த கம்பி பிடி தவறித் துள்ளியது, அது உன் மாமாவின் இடுக்கியைத் தட்டியது, இடுக்கி அவர் நெற்றியில் அடித்தது, இவ்வளவுதான் சொல்கிறார்கள். கம்பி தானாகவா துள்ளும்? எதிரில் நின்று பிடிக்க வேண்டியவன் ஒருத்தன் இருப்பானே, அவன் யார்? மில்லில் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்கிறார்கள். நீயும் அதே ஷிப்டுதானே. பெயரை மட்டும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பூர்ணம் என்று ஓர் அம்மா இருக்கிறார். தலையில் அடிபட்டவனுக்குப் புண் ஆறின பிறகும் உள்ளே என்ன குறை நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். மாமாவோடு சேர்த்து, வேறு வேறு மில்களில் அடிபட்டவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களோடு வைத்துப் பார்க்க, அதே வயசில், அதே வேலை செய்து, அதே சோறு தின்கிற, ஆனால் அடிபடாத பன்னிரண்டு பேர் வேண்டுமாம். உங்கள் மில்லில்தான் ஆள் கேட்டிருக்கிறார்கள். வித்தியாசம் தெரிந்துவிட்டால், இவரை உருளைக்கிட்டே நிறுத்தக் கூடாது, கேட்டிலோ ஸ்டோரிலோ உட்கார வையுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஒரே ஜில்லாதான், பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு வர ஒரு நாள் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாளுமா உனக்கு இல்லை? ரைஸ் மில் களத்தில் நெல் காயவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன், கை எரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மேரி


கும்மிடிப்பூண்டி,
3-7-1977

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நான் இங்கே சௌக்கியம். நீங்கள் அங்கே சௌக்கியமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. பதில் தாமதம், கோபப்படாதே. மாமாவுக்கு இப்படி ஆனது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு நான் உலைப் பக்கம் இருந்தேன். ஒரே புகை. எதிரில் யார் நின்றார்கள் என்று சரியாகத் தெரியவில்லை. நீ அதைப் போய் மில்லில் கேட்டுக்கொண்டிருக்காதே அக்கா. கேட்டால் மாமாவுக்குத்தான் கெட்ட பேர்.

டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள் என்று இங்கேயும் பேச்சு. கிரேஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதா? எந்தப் பள்ளிக்கூடம்?

ஷிப்டுக்கு நேரமாகிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ஜோசப்


செவ்வாப்பேட்டை,
28-7-1977

ஜோசப்புக்கு,

மாதா உன்னையாவது நல்லபடி வைத்திருக்கட்டும். இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். கிரேஸை ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று.

புகையாக இருந்ததாம்! அங்கே என்றைக்குப் புகை இல்லை? எந்தக் கையில் கம்பி, எந்தக் கையில் பீடி என்று தெரியாமலா நாலு வருஷம் வேலை பார்த்தீர்கள்? சரி, விடு. நீயே பிறகு சொல்வாய்.

போன செவ்வாய்க்கிழமை சோதனைக்கு அழைத்துப் போனேன். மில் குமாஸ்தா அருணாச்சலமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தங்கமானவர். மாமாவின் கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வைத்தார். காகிதம் படபடவென்று ஆடிக் கீழே விழுந்தது. மூன்று தடவை வைத்தார், மூன்று தடவையும் விழுந்தது. தட்டில் பத்துப் பொருளைக் காட்டி மூடிவிட்டு அரை மணி கழித்துக் கேட்டார். சாவி, சீப்பு, ஊக்கு என்று மூன்றோடு நின்றுவிட்டார். நான் கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன்.

கடைசியில், "அடிபட்ட அன்னிக்குக் காலைல இன்னா சாப்டீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"பழைய சோறு. கருவாட்டுக் கொழம்பு" என்றார் மாமா, உடனே.

"மில்லுல எதிர்ல யாரு நின்னுக்கினு இருந்தாங்க?"

அருணாச்சலத்தின் நோட்டைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். "அது நெனப்பு வர்லம்மா."

அருணாச்சலம் அதை எழுதிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார். அந்த மூஞ்சியில் வைக்க வேண்டும் என்று கை துடித்தது. டாக்டரம்மா எதிரில் இருந்ததால் சும்மா இருந்தேன்.

அடிபடாதவர்களுக்கு அடுத்த சனிக்கிழமையாம். நீ எழுது. இரண்டு பக்கமாவது எழுது.

மேரி


கும்மிடிப்பூண்டி,
20-8-1977

அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல். மாமா எப்படி இருக்கிறார்?

உன்னிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது. அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தன். மேஸ்திரி லோகநாதன் விபத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அதில் பேர் இல்லாத ஆளாகப் பொறுக்கினார். சனிக்கிழமை சம்பளத்தோடு லீவு, மில் வேனிலேயே ரயிலடி வரைக்கும் கொண்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ரொட்டியும் முட்டையும் கொடுத்தார்கள். மேஸ்திரி கூடவே இருந்தார்.

காகிதம் எனக்கும் வைத்தார்கள். கொஞ்சம் ஆடியது. டாக்டரம்மா, "ராத்திரி ஷிப்டு முடிச்சு அப்படியே வந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். களைப்பு என்று எழுதிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடியும். கிரேஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா?

ஜோசப்


செவ்வாப்பேட்டை,
2-11-1977

ஜோசப்பு,

இன்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நீ வருவாய் என்று ஐந்து மணி வரைக்கும் நின்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லாமலிருந்தால் சரி.

நல்லபடியாக முடியும் என்று எழுதினாயே, முடிந்தது. டாக்டரம்மாவின் அறிக்கை மில்லுக்குப் போய், மில்லிலிருந்து எங்களுக்கு ரிஜிஸ்தர் தபாலில் வந்திருக்கிறது. அடிபட்ட பன்னிரண்டு பேருக்கும் அடிபடாத பன்னிரண்டு பேருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லையாம். கை நடுக்கம் அவர்களுக்கும் இருக்கிறதாம். மறதி அவர்களுக்கும் இருக்கிறதாம். தூக்கமின்மையும் அப்படியேயாம். மில் அதற்குக் கீழே தன் பங்குக்கு எழுதியிருக்கிறது: தொழிலாளி தானியேலுக்குக் காலையில் சாப்பிட்ட குழம்பு ஞாபகம் இருக்கிறது, எதிரில் நின்றவன் மட்டும் ஞாபகம் இல்லை, ஆகவே இது பாசாங்கு, ஜனவரி இரண்டாம் தேதி அவர் பழைய இடத்தில், உருளையில், வேலைக்கு வர வேண்டும், வராவிட்டால் டோக்கன் ரத்து, அதாவது வேலை இல்லை.

தபாலை நாலு தடவை படித்தேன். அந்தக் குழம்பு விஷயத்தை மட்டும் ஐந்தாவது தடவையும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குள் பேய் புகுந்தது. நான் வெயிலில் களத்தில் நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிப் பாதம் வெடித்துக் கிடக்கிறேன், இந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து நாடகம் ஆடுகிறாரா?

"யோவ், இன்னாய்யா இது? நடிக்கிறியா நீ? என்னையே ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று கேட்டேன். கத்தினேன். தெருவே கேட்டது.

அவர் தபாலை எடுத்து மெதுவாக மடித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கையில் இருந்த சோற்றுத் தட்டை வீசினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு போய் ஒண்டினார். "அதையும் நடி" என்றேன்.

இப்போது நீ சொல்லு. நீ அடிபடாதவன். உன் கையும் ஆடியதாக எழுதினாய். மில்லில் எல்லாருக்குமே இப்படித்தானா? உலைச் சூட்டில் நின்றால் எல்லார் கையும் ஆடுமா, எல்லாருக்கும் மறக்குமா? அப்படியானால் உன் மாமா செய்தது வேஷம். அப்படி இல்லையென்றால் அதையும் எழுது. உன் பேச்சை நம்பித்தான் நான் இருக்கிறேன், தெரிகிறதா?

மேரி


கும்மிடிப்பூண்டி,
25-11-1977

அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். மழை அதிகம், என் அறைக்குள் தண்ணீர். எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

மாமாவைத் திட்டாதே. அவர் நடிக்கிற ஆள் இல்லை.

கிரேஸ் பள்ளிக்கூடம் போகிறாளா? எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய்?

ஜோசப்


செவ்வாப்பேட்டை,
10-12-1977

ஜோசப்பு,

உன் சளி தேவலையா? என் உடம்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் மூன்று பக்கம் எழுதினேன், நீ ஒரு சாண் எழுதியிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் இல்லை. கிரேஸை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறாய். ஆர்.சி. பள்ளிக்கூடம் என்று ஜூலையிலேயே எழுதினேனே! என் கடிதத்தைப் படிக்கிறாயா, பீடி பற்றவைக்கிறாயா? பெண்ணைப் பெற்றவள் பேஜாரில் கிடக்கிறாள், தாய்மாமனுக்குக் கேள்வி கேட்டதாக ஒரு பேர் வேண்டும், அவ்வளவுதானே?

முடிவு செய்துவிட்டோம். முடிவு செய்தது நான்தான். உன் மாமா ஜனவரி முதல் தேதி பூசை முடிந்ததும் ரயிலேறி உன் அறைக்கு வருவார். இரண்டாம் தேதி உருளையில் நிற்பார். மேஸ்திரி லோகநாதனிடம் ஆள் விட்டுக் கேட்டேன். "எதிர்ல அவரு மச்சான் ஜோசப்பையே போட்டுக்கிறம்மா, சொந்தக்காரன் இருந்தா தைரியமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

இதைச் சொன்னபோது உன் மாமா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வேணாம் மேரி. ஜோசப்ப எதிர்ல போட வேணாம்னு சொல்லு" என்றார்.

"ஏன், என் தம்பி எதிர்ல நின்னா உனக்கு இன்னா கொறஞ்சிபூடும்?" என்றேன்.

மூன்று நாளாக ராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை மடக்கி மடக்கி நீட்டுகிறார். வேஷமாக இருந்தால் யாரும் பார்க்காதபோது எதற்கு இந்த வேஷம் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. உடனே அறிக்கை ஞாபகம் வருகிறது. பன்னிரண்டு நல்ல ஆட்களை வைத்துப் பார்த்துவிட்டுத்தானே டாக்டர் எழுதினார்? படித்தவள் எழுதியதை நான் நம்பாமல் யார் நம்புவது?

அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஏதாவது ஆயிற்று என்றால் உன்னைத்தான் கேட்பேன்.

மேரி


கும்மிடிப்பூண்டி,
18-12-1977

அக்கா,

இந்தத் தடவை யார் நலமும் கேட்காமல் ஆரம்பிக்கிறேன். மாமாவை அனுப்பாதே. முதலில் இதைப் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி. அவரை ரயிலேற்றாதே.

எதிரில் நின்றது நான்தான்.

புகை இல்லை. உலைப் பக்கம் நான் இல்லை. நீ கேட்டவன் நான்தான். எட்டு மாதமாக உனக்குப் பொய் எழுதுகிறேன்.

போன மாசி மாதம் ஒரு கம்பி முனை துள்ளி எனக்குக் காதுக்குப் பின்னால் அடித்தது. விழுந்துவிட்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. கண் திறந்தபோது மேஸ்திரி விபத்துப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதுல பேரு எழுதட்டா? எழுதிக்கினா நாளைக்கு டோக்கன் இல்ல. நீயே சொல்லு" என்றார். நாங்களெல்லாம் காண்டிராக்ட் ஆட்கள், அக்கா. கேட்டில் காலையில் டோக்கன் கொடுத்தால்தான் உள்ளே. "ஒண்ணும் இல்ல மேஸ்திரி" என்றேன். கூட வேலை பார்க்கிற குப்புராஜ் காப்பித்தூளை வைத்து அழுத்தித் தலைத்துண்டால் கட்டிவிட்டான். அந்த ஷிப்டையே முடித்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே எல்லாரும் இப்படித்தான். அந்தப் புத்தகத்தில் மாமாவின் பேரைத் தவிர ஒரு பேரும் கிடையாது. அவரை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனதால் அதை மறைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி ஒரு கணம் கண் இருட்டும். கை சொன்னபடி கேட்காது. அன்றைக்குக் கம்பி வந்தது. வந்ததைப் பார்த்தேன். இடுக்கியை நீட்டினேன். மூடவில்லை. கை மூடவில்லை அக்கா. மாமா கீழே கிடந்தார்.

டாக்டரம்மா, "தலைல எப்பவாவது அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மேஸ்திரி பின்னாலேயே நின்றார். பன்னிரண்டு பேரும் இல்லை என்றோம். திரும்பி வரும்போது மேஸ்திரி வேறு பெட்டியில் ஏறினார். நாங்கள் ரயிலில் தலைத்துண்டை அவிழ்த்து ஒருத்தனுக்கு ஒருத்தன் காட்டிக்கொண்டோம். கோபாலுக்கு உச்சியில் ஒரு பள்ளம், விரல் போகும். குப்புராஜுக்கு ஒரு காது கேட்பதே இல்லை, டாக்டரம்மா அந்தப் பக்கம் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாகத் தலையாட்டினானாம். "நாமதாண்டா நல்ல ஒடம்புக்காரனுங்கோ" என்று ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மாமா நடிக்கிறார் என்று நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றினேன். மில்லில் என்னைப் பிடித்து வெளியே தள்ளினால் வேறு எங்கே போவது என்று யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன், மாமாவை யோசிக்கவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும். இப்போது அவர் இங்கே வந்து நிற்கப் போகிறார், எதிரில் நான் நிற்கப் போகிறேன். என் கை மறுபடியும் மூடாவிட்டால்?

கிரேஸைப் பற்றி மூன்று தடவை கேட்டதாக எழுதியிருக்கிறாய். கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. உன் கடிதங்களை வரிசையாகப் பாயில் பரப்பிவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன். குப்புராஜும் கோபாலும் வருகிறேன் என்றார்கள். மற்றவர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னைத் திட்டு. மாமாவை விட்டுவிடு.

ஜோசப்


சென்னை,
27-12-1977

திருமதி ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணவர் இப்போது தூங்குகிறாரா, தலைவலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த முறை வரும்போது விவரமாகச் சொல்லுங்கள்.

சென்ற வியாழனன்று உங்கள் தம்பி ஜோசப்பும் அவருடன் எட்டுப் பேரும் என்னைப் பார்க்க வந்தார்கள். மற்ற மூவரில் இருவர் மறுநாள் வந்தார்கள். இம்முறை மேஸ்திரியை நான் உள்ளே விடவில்லை. ஒவ்வொருவர் தலையையும் நானே தடவிப் பார்த்தேன். நான் "நலமானவர்கள்" என்று எழுதிவைத்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தலையில் பலமாக அடிபட்டவர்கள். சிலர் இரண்டு முறை. மிச்சம் இருக்கும் ஒருவர் ஸ்டோர் எழுத்தர். அவர் உருளைப் பக்கமே போனதில்லை.

தவறு என்னுடையது. அடிபட்டதுண்டா என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா என்று கேட்டேன். போகாதவனுக்கு அடிபடவில்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அவர்களுடைய முதலாளியின் ஆளை அறைக்குள் நிற்கவைத்துக்கொண்டு கேட்டேன். நடுங்கிய கையைப் பார்த்துக் களைப்பு என்று எழுதினேன். அடிபட்டவர்களை அடிபட்டவர்களோடு ஒப்பிட்டுவிட்டு வித்தியாசம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கு என் மீது வருகிற கோபத்தை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மில்லுக்கும் தொழிலாளர் அதிகாரிக்கும் எழுதிவிட்டேன். புதிதாக அடிபடாத பன்னிரண்டு பேரைத் தாருங்கள் என்று மில்லைக் கேட்டேன். உருளையில் வேலை செய்பவர்கள் நாற்பத்தோரு பேராம். நானே நேரில் போய்ப் பார்த்தேன். ஒருவர்கூடத் தேறவில்லை.

உங்கள் கணவர் நடிக்கவில்லை. அவரிடமும் இதை நீங்கள் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

சம்பூர்ணம்


செவ்வாப்பேட்டை,
8-1-1978

ஜோசப்பு,

நீ சுகமாக இருக்கமாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. தலைவலி வந்தால் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போடு, சாராயத்தைப் போடாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அடித்தே கொன்றிருப்பேன். எட்டு மாதம்! நான் ஊர் முழுக்க ஒருத்தனைச் சபித்துக்கொண்டு திரிந்தேன், கோயிலில் முழங்கால் போட்டுச் சபித்தேன், அது என் கூடப்பிறந்தவன் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே பாவி! உன்னைக் கேள்வி கேட்க மேஸ்திரிக்கு உரிமை இருந்தது, எனக்கு இல்லையா? டோக்கன் போனால் என் வீடு இல்லையா? ஒரு பிடி நெல் களத்தில் எனக்குக் கிடைக்காதா?

உங்கள் பதினொரு பேரையும் இரண்டாம் தேதி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று குப்புராஜ் வந்து சொன்னான். மாமாவின் டோக்கனும் ரத்து என்று தபால் வந்தது. தொழிலாளர் அதிகாரி மாசியில் விசாரிப்பாராம். விசாரிக்கட்டும். பன்னிரண்டு குடும்பமும் அந்த வாசலில் வந்து உட்காரும், நான் முதலில் உட்காருவேன். லோகநாதனும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "எதிரில் நின்றது நான்தான்" என்ற இடம் வந்தது. அவர் கடலையை உரித்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"அவன்தான் நின்னுக்கினு இருந்தான். கண்ணு சொருகிச்சு, பாத்தேன். அப்பால கம்பி வந்துச்சி."

"டாக்டரம்மாகிட்ட நெனப்பு இல்லன்னியே!"

"குமாஸ்தா நோட்டு வச்சிக்கினு குந்திக்கினு இருந்தான். சொன்னா நோட்டுல பேரு ஏறும், புள்ள வேல பூடும்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா? நான் உன்ன நடிக்கிறன்னு, தட்டத் தூக்கி…"

"உங்கிட்ட சொன்னா நீ அடுத்த ரயிலுல போயி மில்லு வாசல்லயே வச்சி அவனக் கிழிச்சிருப்ப. அப்ப மட்டும் வேல நிக்குமா?"

அவர் சொன்னது சரி. கிழித்திருப்பேன்.

எத்தனையோ மறந்துபோகிற அந்தத் தலையில் உன் பேரை மட்டும் ஒருத்தரும் எடுத்துவிடாமல் ஒளித்து வைத்திருந்தார் ஜோசப்பு. மில் சொன்னது பொய்யில்லை, அவர் நடித்தார். அந்த ஒரு கேள்விக்கு நடித்தார். நான் அதற்காக அவரை இரண்டு மாதம் பட்டினி போடாத குறையாகப் பேசினேன். உன்னைத் திட்டிவிட்டேன், நாளைக்கும் திட்டுவேன், அதற்கு எனக்கு வாய் இருக்கிறது. என்னைத் திட்டச் சொல்லி அவர் காலைப் பிடித்தேன். அவருக்குத் திட்டத் தெரியவில்லை. "கடல தின்னு" என்று கையில் கொடுத்தார். கையெல்லாம் ஆடி, பாதிக் கடலை என் மடியில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி வா. அறையைக் காலி செய்துகொண்டு வா, பாயையும் கொண்டு வா. நான் உன்னோடு பேசமாட்டேன், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சோறு போடுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசு. டீயை இரண்டு பேருக்கும் சிந்தாதபடி அரை டம்ளராகத்தான் ஊற்றுவேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
மேரி